ரத்தம் வராத காயம்

பினாங்குத் தீவில் ஓர் ஆஸ்பத்திரியின் மைக்ரோபயாலஜி லேப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது அங்கே இருக்கும் பிள்ளைகள், "ராஜம் அக்கா, உங்க அனுபவத்த எழுதிக் கொடுங்களேன்" என்று விடாமல் கேட்டார்கள். பெருமைப்படுகிற மாதிரி ஏதாவது எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத வந்தது இதுதான்.

1. ஒரு பாட்டில்

ஒரு வருஷம் தைப்பூசம் முடிந்து மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை. பிளட் கல்ச்சர் மெஷின் கத்தியது. விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விடாத காய்ச்சல் உள்ளவரின் ரத்தத்தை இரண்டு பாட்டிலில் எடுத்து மெஷினுக்குள் வைப்போம். கிருமி வளர்ந்தால் மெஷின் சத்தம் போடும். ஆனால் ஊசி குத்தும் இடத்துத் தோலில் இருக்கும் கிருமியும் சில நேரம் பாட்டிலுக்குள் போய்விடும். அதைக் கண்டாமினேஷன் என்போம். அதனால்தான் இரண்டு கையிலும் தனித்தனியாக எடுக்கச் சொல்வது. அன்று வந்தது ஒரு கை ரத்தம் மட்டும். அதிலும் ஒரு பாட்டில்தான் கத்தியது.

ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். உருண்டைக் கிருமி, சங்கிலி சங்கிலியாக. வாயில் சாதாரணமாகக் குடியிருக்கும் வகையாக இருக்கலாம் என்று தோன்றியது. லேபலில் குணசேகரன், நாற்பத்தொரு வயது. வார்டு ஃபாரத்தில் 'காய்ச்சல், டெங்கி சந்தேகம்' என்று மட்டும் இருந்தது. இந்த வகைக் கிருமி ரத்தத்தில் ஏறினால் பழுதான இருதய வால்வில் ஒட்டிக்கொள்ளும்; ஆனால் இருதயம் பற்றி ஓர் எழுத்து இல்லை.

2. கவுண்டர்

மத்தியானம் ஒரு பெண் லேப் கவுண்டரில் வந்து நின்றார். அங்கே நோயாளி வீட்டார் வரக்கூடாது. என் முகத்தைப் பார்த்ததும் தமிழில் பேச ஆள் கிடைத்த நிம்மதி அவருக்கு.

"அக்கா, குணசேகரன் சம்சாரம் நான், சரோஜா. பைராம் தோட்டத்துலேர்ந்து வர்றோம். ரத்த ரிசல்ட் வரலன்னு டாக்டர் சொன்னாரு."

"வார்டுக்கே அனுப்பிருவோம்மா. இங்கலாம் வரக்கூடாது."

அவர் போகவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகனுக்கு அவரு அலகுக் காவடி எடுத்தாரு. நாக்குலயும் கன்னத்துலயும் வேல். அதுக்கப்புறந்தான் இந்தக் காய்ச்சல். டாக்டர், பல்லு புடுங்குனீங்களா, எங்கயாச்சும் காயமான்னு மலாய்ல கேட்டாரு. இல்லன்னுட்டாரு இவரு. நான் அலகு குத்துனத சொல்லலாமா?"

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மாற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

"அதெல்லாம் ஒண்ணும் இருக்காதும்மா. விரதமிருந்து குத்துனா ரத்தமே வராதுல்ல. அது காயமா? சாமி காரியத்தப் போயி டாக்டர்கிட்ட சொல்லிக்கிட்டு!"

என் தம்பி பல வருஷம் அலகு குத்தியவன். ஒரு சொட்டு ரத்தம் வந்து நான் பார்த்ததில்லை. வீட்டில் பழகின நம்பிக்கை வெள்ளைக் கோட்டுக்குள்ளும் அப்படியே இருந்தது. சரோஜா முகம் தெளிந்து போனார். நான் உள்ளே வந்து, 'கண்டாமினேஷனாக இருக்கலாம், தேவைப்பட்டால் மறுபடி எடுக்கவும்' என்று டைப் செய்தேன். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் லேப் டாக்டருக்கு என் மேல் நம்பிக்கை அதிகம். ஒரு கேள்வியும் கேட்காமல் போட்டார்.

3. மூன்று கல்ச்சர்

வெள்ளிக்கிழமை அதே பெயரில் மூன்று கல்ச்சர் வந்தது, தனித்தனி இடத்தில் எடுத்தது. ஃபாரத்தில் புதிதாக ஒரு வரி: 'வலது கை, கால் விழுந்துவிட்டது, பேச்சும் நின்றுவிட்டது. எக்கோ ஸ்கேனில் இருதய வால்வில் கட்டி.' சனிக்கிழமை எல்லாப் பாட்டில்களும் கத்தின. அத்தனையிலும் அதே சங்கிலி.

நடந்தது இதுதான். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்து, குணசேகரனுக்கு இருதய வால்வு பழுதாகியிருந்தது. அது அவருக்கே தெரியாது. அலகு குத்தியபோது வாயில் இருந்த கிருமி ரத்தத்தில் ஏறி, அந்த வால்வில் போய்க் கூடு கட்டியது. அதிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போயிற்று. செவ்வாய்க்கிழமையே சரியான மருந்து தொடங்கியிருந்தால் அந்தத் துணுக்கு உடையாமல் இருந்திருக்கலாம். உடைந்தும் இருக்கலாம். எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் எல்லோரும் இரண்டாவதைத்தான் சொன்னார்கள். நான் முதலாவதை நினைத்துக்கொண்டு கழிவறையில் நின்று அழுதேன்.

அவர் பிழைத்தார். வாரக்கணக்கில் மருந்து ஏறியது, வால்வு மாற்றினார்கள். ஆனால் எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழ லோரி ஓட்டிய வலது கை திரும்ப வரவில்லை.

4. வார்டு

ஆப்பரேஷன் முடிந்தபின் மேலே போனேன். சரோஜா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ரிப்போர்ட்டில் நான் எழுதியது, கவுண்டரில் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"நீங்க சொன்னதுனாலதான் அக்கா நான் டாக்டர்கிட்ட வாயத் தொறக்கல."

"தெரியும்மா."

"சாமி குத்தம்னு தோட்டத்துல பேசுறாங்க. விரதத்துல நான் ஏதோ தப்பு பண்ணிட்டேனாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவரு தம்பிக்கும் டெஸ்ட் பண்ணாங்க, அவனுக்கும் வால்வு லீக்கு. ஆனா அண்ணன் நேர்த்திக்கடன் பாக்கி இருக்கு, அடுத்த வருஷம் நான்தான் அலகு குத்துவேன்னு நிக்கிறான். நான் சொன்னா எடுபடாது. நீங்க வந்து சொல்லுங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பைராம் தோட்டத்துக்குப் போனேன். கோயிலில் சரோஜா, குணசேகரன், காவடிக்காரர்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். வால்வு, கிருமி எல்லாம் பேசினேன். யார் காதிலும் ஏறவில்லை. "எத்தன வருஷமா குத்துறோம், யாருக்கு என்னாச்சு?" என்றார் ஒரு பெரியவர். குணசேகரனின் தம்பி எழுந்து போகப் பார்த்தான்.

"சாமியும் குத்தம் பண்ணல, இந்தப் புள்ளயும் பண்ணல," என்றேன் சரோஜாவைக் காட்டி. "குத்தம் பண்ணது நான். ரத்தம் வரலன்னா காயமே இல்லன்னு இவகிட்ட சொன்னது நான்தான். லேப்ல வேல பாக்குற நானே அப்படித்தான் நெனச்சேன்."

தம்பி திரும்ப உட்கார்ந்தான். சக்கர நாற்காலியில் இருந்த குணசேகரன் இடது கையால் அவன் கன்னத்தைத் தொட்டு, வேல் குத்தும் இடத்தைத் தடவி, வேண்டாம் என்று தலையாட்டினார். அப்போது அவருக்குப் பேச்சு இன்னும் வரவில்லை.

அடுத்த தைப்பூசத்துக்குத் தம்பி பால்குடம்தான் எடுத்தான்.

லேப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். கண்டாமினேஷன் என்று டைப் செய்வதற்கு முன் வார்டுக்கு போன் போடுங்கள். கவுண்டருக்கு வருகிறவர்களை விரட்டாதீர்கள், பதிலும் சொல்லாதீர்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் விடுங்கள். அன்று சரோஜாவை வார்டுக்கு அழைத்துப் போக எனக்கு லிஃப்டில் இரண்டு மாடிதான் இருந்தது.