தொட்டியின் மூடி

நான் துடைக்கும் ஆஸ்பத்திரி வராந்தாவில், ஈரம் காயும்வரை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிற மனிதர் அவர் ஒருவர்தான். பத்திரிகை நிருபர். ஏன் நிற்கிறீர்கள் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

காலையில் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் தன் போனிலிருந்து நிருபர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி போடுவார். மற்ற நிருபர்கள் கேன்டீனில் உட்கார்ந்தபடியே அதைப் பத்திரிகைக்குத் தள்ளிவிடுவார்கள். இவர் மட்டும் வார்டு வார்டாக ஏறி இறங்குவார்.

கேன்டீனிலிருந்து ஒரு நிருபர் கேலி செய்வார்: "என்னய்யா நடைவண்டி, ரெண்டு காலையும் வாடகைக்கு விட்டிருக்கியா? எல்லாம்தான் குரூப்ல வந்துடுச்சே!"

"குரூப்புக்கு வயித்து வலி வராதுப்பா. வலிக்கிறவங்களைப் பாத்துட்டு வரேன்."

அந்த மாதம் குழந்தைகள் வார்டு முழுக்க வயிற்றுப்போக்கு. மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை; உள்ளே இரண்டு புறாக்கள் செத்து ஊறிக் கிடந்தன. எங்கள் துப்புரவு மேற்பார்வையாளரிடம் மூன்று தடவை சொன்னேன். "உன் வேலையைப் பாரு" என்றார். படம் எடுத்து நிருபருக்கு அனுப்பினேன்.

உடனே கூப்பிட்டார். "அக்கா, உங்க போன்ல அதை அழிச்சிடுங்க. உங்க வேலைக்கு ஆபத்து. யார் அனுப்பினதுன்னு என் வாயிலருந்து வராது."

அவர் வாயிலிருந்து வரவில்லை. அவருடைய பத்திரிகை ஆசிரியர் ஆதாரம் கேட்க, இவர் நம்பிப் போனைக் கொடுத்திருக்கிறார். அந்தப் புண்ணியவான் நான் அனுப்பிய வாட்ஸ்அப் பக்கத்தை அப்படியே படம் பிடித்து, "இது உண்மையா?" என்று தன் பத்திரிகை அலுவலகக் குரூப்பில் போட்டுவிட்டார். எழுந்து வந்து பார்க்கக் கால் வலிக்கும் போலிருக்கிறது! படத்தின் மேலே என் நம்பர், பக்கத்தில் நான் என் படமாக வைத்திருந்த என் மகள் முகம். அங்கிருந்த ஒருவர் அதைக் கண்காணிப்பாளருக்குத் தட்டிவிட்டார்.

"நாளையிலருந்து வராதே" என்று கண்காணிப்பாளர் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது நிருபர் உள்ளே வந்தார். அன்றுதான் முதல்தடவையாக ஈரத்தரையில் செருப்போடு நடந்தார்.

"சார், என் போன்ல சார்ஜ் இல்ல. இவங்க போன் ஜன்னல்ல இருந்துச்சு. நான்தான் கேக்காம எடுத்துட்டு மாடிக்குப் போய், படம் எடுத்து எனக்கே அனுப்பிக்கிட்டேன்."

"திருட்டுத்தனமா?"

"ஆமா சார்."

என் வேலை தப்பியது. பத்திரிகைக்குக் கண்காணிப்பாளரின் புகார் போய், அவர் வேலை போனது. தொட்டியை அன்றே கழுவினார்கள். "வழக்கமான பராமரிப்புப் பணி" என்று கண்காணிப்பாளர் குரூப்பில் போட்டார். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அதே வார்த்தைகள், ஒரு எழுத்து மாறாமல். அதில் புறாவும் இல்லை, பிள்ளைகளும் இல்லை.

நான் யாரையும் சபிப்பவள் இல்லை. எல்லாரும் நன்றாக இருக்கவேண்டும் என்றுதான் தினமும் கும்பிடுகிறேன். ஆனால் இந்தக் குரூப்காரர்கள் நினைவு வந்தால் கூப்பிய கை தானாக இறங்கிவிடுகிறது. ஆண்டவன்தான் பொறுக்கவேண்டும்.

கடைசியாக அவரை ஆஸ்பத்திரி கேட்டில் பார்த்தேன்.

"அக்கா, நான் பொய் சொன்னதுக்கு உங்க சாமிகிட்ட நீங்களே மன்னிப்பு கேட்டுடுங்க" என்றார். "அப்புறம், போனை நம்பாதீங்க. தினமும் ஏறிப்போய், தொட்டிக்கு மூடி இருக்கான்னு கண்ணால பாருங்க."