பதினெட்டாம் டோக்கன்

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். தெரிந்தவர், பெரிய மனிதர் என்று யாரையும் முன்னால் விடமாட்டேன். எல்லாம் டோக்கன்படிதான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

போன வருடம் ஒரு மத்தியானம், அடி அண்ணாமலையிலிருந்து ஒரு விவசாயி மகளோடு வந்தார். கையில் பதினெட்டாம் டோக்கன்.

"பொண்ணோட காலேஜ் அப்ளிகேஷனுக்கு இன்னிக்கு அஞ்சு மணிதாங்க கடைசி. சர்ட்டிபிகேட்டே நேத்துதான் கைக்கு வந்துச்சு. கொஞ்சம் முன்னாடி போட்டுக் குடுங்களேன்" என்றார்.

"எனக்கு எல்லாரும் சமம்ங்க. உக்காருங்க" என்றேன்.

அவருக்கு முன்னால் இருந்தவர்கள் பட்டா நகல் எடுக்கவும் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கவும் வந்தவர்கள். மறுநாள் வந்தாலும் நடக்கிற வேலைகள். தெரிந்தும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். அந்தப் பெண் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் முறை வந்தபோது மணி ஐந்து பத்து. மூன்று முறை முயன்றேன். விண்ணப்பப் பக்கம் திறக்கவே இல்லை.

"நீங்க சரியாத்தாங்க செஞ்சீங்க" என்று சொல்லிவிட்டு அவர் மகளை அழைத்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால் தேவலாம்.

சென்ற பௌர்ணமியன்று கிரிவலம் போனேன். அடி அண்ணாமலையில் பாதையோரம் அந்தப் பெண் மோர் விற்றுக்கொண்டிருந்தாள். கூட்டத்தை விலக்கி அருகில் போனேன். என்னை அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"வரிசையில வாங்கண்ணா" என்றாள்.

கடைசியில் போய் நின்றேன். என் முறை வந்தபோது மோர் மட்டும் வாங்கிக்கொண்டேன். நான் மன்னிப்புக் கேட்டால் அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?