பாக்கியம் டீச்சர் வகுப்பில் ஒரு தராசு

பாக்கியம் டீச்சர் போய்விட்டார்.

காலையில் பல் விளக்கும்போது போன். வாய் நிறைய நுரையோடு "எப்ப?" என்றேன். தகவல் சொன்னவருக்கு அது அழுகையாகக் கேட்டிருக்கிறது. "அழுகாதீக டீச்சர்" என்றார்.

அழவில்லை. எரிச்சல்தான் வந்தது. இந்த அம்மா என்றைக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எதைச் செய்திருக்கிறார்?

போடியில் நாங்கள் வேலை பார்த்த நர்சரி ஸ்கூல், வெள்ளைக்காரன் காலத்தில் ஏலக்காய் மூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கி. நடுவில் ஒரு மூங்கில் தட்டி. இந்தப் பக்கம் நான், யூகேஜி. அந்தப் பக்கம் அவர், எல்கேஜி.

என் பக்கம் பிள்ளைகள் கைகட்டி "அ... அம்மா" சொல்லும். அந்தப் பக்கம் தண்ணீர் கொட்டும், டப்பா உருளும், எவனாவது ஒருத்தன் மேசைக்கடியில் மாடாகிக் கத்திக்கொண்டிருப்பான். என் பிள்ளைகளின் கண் பூராவும் தட்டி இடுக்கில்.

"இங்க பாருங்கடா" என்று கத்தியே என் தொண்டை போயிற்று. நான் பாடினால் இன்றைக்கும் வீட்டில் கதவைச் சாத்துகிறார்கள். (அதற்கு முன்னாலும் சாத்தினார்கள்... அது வேறு விஷயம்.)

ஒருநாள் போய்ச் சண்டையே போட்டேன்.

"டீச்சர், புள்ளைகளக் கொஞ்சம் படிக்கச் சொல்லுங்க."

"படிச்சுக்கிட்டுத்தான இருக்குதுக."

"களிமண்ணுல உருண்டுக்கிட்டு இருக்குதுக!"

"அதத்தான் நானும் சொல்றேன்."

இந்த மனுஷியிடம் என்னத்தைப் பேச?

அப்புறம் ஒருநாள் முறம் நிறைய ஏலக்காயோடு வந்தார். பெரிய காய் ஒரு தட்டில், சின்னது ஒரு தட்டில், வெடித்தது ஒரு தட்டில். பிள்ளைகள் தொட்டு, மோந்து, பிரித்து வைக்க வேண்டும். ஆக்டிவிட்டியாம். பெரிசு சிறிசு என்பது நாலு வயசில் விரல் வழியாகத்தான் உள்ளே போகுமாம்.

கிட்டங்கியே மணத்தது. எனக்கு வயிறு எரிந்தது.

அதில் செல்வி என்று ஒரு குட்டி. மற்றதுகள் காயைக் கடித்துப் பார்த்து முகம் சுளிப்பதற்குள் தன் பங்கை முடித்துவிட்டு அடுத்தவன் தட்டில் கை வைத்துவிட்டாள். அவள் அம்மா முருகாயி, கமிஷன் கடையில் ஏலக்காய் பொறுக்கித் தரம் பிரிக்கிறவர்.

சாயங்காலம் முருகாயி மகளைக் கூப்பிட வந்தார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"ஒங்க மக இன்னிக்கு என்னமா காய் பொறுக்குனா தெரியுமா ஆத்தா? அப்படியே ஒங்க கை!"

பாராட்டு மாதிரிதான் சொன்னேன். பாராட்டு இல்லை என்று எனக்குத் தெரியும்.

முருகாயி முகம் சுருங்கியது. விறுவிறுவென்று அந்தப் பக்கம் போனார். நான் தட்டியில் கண்ணை வைத்தேன்... ஆமாம், ஒட்டுக்கேட்கவும்தான்.

"டீச்சர், எம்புள்ளைக்கு என்ன சோலி குடுத்தீக?"

"வெளையாட்டுத்தான் ஆத்தா..."

"நானும் காலையில இருந்து குனிஞ்ச தல நிமிராம அந்த வெளையாட்டத்தான் வெளையாடுறேன். இந்த நகக்கண்ணப் பாருங்க. இந்தச் சோலி இவளுக்கு வந்துறக்கூடாதுன்னுதான ஒங்ககிட்ட விட்டேன்? பொறுக்கத்தான்னா எங்கூடவே வரட்டும். நாளையில இருந்து அனுப்ப மாட்டேன்."

செல்வி ஒரு கையில் அம்மா சேலையையும் மறு கையில் டீச்சர் சேலையையும் பிடித்துக்கொண்டு அழுதது.

ட்ரெயினிங்கில் படித்ததையெல்லாம் டீச்சர் எடுத்துவிடப்போகிறார் என்று காத்திருந்தேன். எடுத்துவிடவில்லை.

"தப்புத்தான் ஆத்தா. ஊருல கெடைக்கிறதக் கொண்டாந்துட்டேன். இது எனக்குத் தோணவே இல்ல... நீங்களே சொல்லுங்க, இவ கையில எதக் குடுக்கட்டும்?"

முருகாயி இதை எதிர்பார்க்கவில்லை.

"தராசக் குடுங்க. பொறுக்குறது நாங்க, தராசப் பிடிக்கிறது மொதலாளிக. எங்களத் தொட விடுறதில்ல."

"குடுத்தா அனுப்புவீகளா?"

"மொதல்ல தராசு வரட்டும்."

மறுநாள் மணி அடித்து அரை மணி நேரம்... பாக்கியம் டீச்சரைக் காணோம். இரண்டு வகுப்பையும் நானே மேய்த்தேன். வாசலில் முருகாயி, மகளை இடுப்பை விட்டு இறக்காமல்.

"வெரசா வரச் சொல்லுங்க டீச்சர், எனக்குக் கடைக்கு நேரமாச்சு."

ஒரு பிள்ளையின் படிப்பு என் வாயால் போகிறதே! முதல்முறையாக, அந்த அம்மா வந்து தொலைக்கக் கூடாதா என்று தெருவைப் பார்த்தேன்.

வந்தார். வேர்க்க விறுவிறுக்க. காய்கறிக்காரரிடம் கெஞ்சி வாங்கிய பழைய கைத்தராசு, ஒரு தட்டு நசுங்கல்.

செல்வி இடுப்பிலிருந்து தானாக வழுக்கி இறங்கியது.

அதற்கப்புறம் கூழாங்கல், செருப்பு, என் மூக்குக்கண்ணாடி... தராசில் ஏறாத சாமான் இல்லை. என் டிபன் பாக்ஸை ஏற்றிவிட்டு "யூகேஜி டீச்சர்தான் நெறையத் திங்கிறாக" என்று பள்ளிக்கூடம் கேட்க அறிவித்தாள் செல்வி. தடுக்க வேண்டிய டீச்சர், சேலைத் தலைப்பில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் மகளைக் கூப்பிட வரும்போதெல்லாம் முருகாயி அந்தத் தராசை ஒரு தடவை தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். முள் நடுவில் நிற்கும்வரை பிடித்திருப்பார்.

அவ்வளவு நடந்தும், இத்தனை வருஷத்தில் பற்றவைத்தது யார் என்று மட்டும் நான் வாயே திறக்கவில்லை. போன வாரம் பாக்கியம் டீச்சரோடு போனில் பேசும்போது நாக்கு வரைக்கும் வந்தது.

"என்னமோ சொல்ல வந்தீகளே டீச்சர்?"

"நேர்ல வந்து சொல்றேன்."

நேரிலாம்! என்னை எதால் அடிக்க?

நாளை காலையில் எடுக்கிறார்களாம். முதல் பஸ்ஸுக்கே வர்றேன்.

அன்றைக்கு முருகாயியிடம் போட்டுக்கொடுத்தது நான்தான் டீச்சர்.

போயிட்டு வாங்க.