கச்சான் காற்றில் கேரவன்

ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் உயரமான வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வெயில் ஏறுவதற்குள் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடுங்கள். அதற்கப்புறம் மேற்கே இருந்து கச்சான் கிளம்பிவிடும். கார்காரர்களுக்கு அது வெறும் காற்று. என்னுடையதோ கேரவன், வேனை வீடாக்கிய வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உண்டு. ஆள் நிமிர்ந்து நடக்கலாம். அந்த உயரம் முழுவதும் காற்று வந்து மோதுகிற சுவர்.

வாங்கும் யோசனை, கப்பல் வேலையை முடித்துக்கொண்டு வந்த என் கணவருடையது. ஓட்டுவது நான். நடுக்கடலில் அவருக்கு இருந்த தைரியம் தூத்துக்குடி பஜாரில் இல்லை. எனக்கு அந்தப் பிரச்சினை கிடையாது. நான் நன்றாக ஓட்டுவேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் கிடையாது.

மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர நாசரேத்துக்கு அந்த வண்டியில்தான் போனேன். மாதம் நெருங்க நெருங்க அவளுக்கு இடுப்பு வலி. காரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே முகம் சுருங்கிவிடும். இதில் படுத்துக்கொண்டே வரலாம். மாப்பிள்ளை தன் காரில் பின்னால் வருவதாக ஏற்பாடு. விடிந்ததும் கிளம்பிவிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன்.

சம்பந்தியம்மா விடவில்லை. "ஐயர் வந்து ஜெபம் பண்ணாம பிள்ளைய எப்படி அனுப்புதது மைனி? இந்தா வந்துருவாவ" என்றார். அங்கே சபைப் போதகரை ஐயர் என்பார்கள். அன்று பார்த்து அவருக்கு ஒரு சாவு வீட்டில் அடக்க ஆராதனை. அவர் வந்து சேர்ந்தபோது தெருவில் புழுதி பறக்க ஆரம்பித்திருந்தது. நல்ல மனிதர், உருக்கமாக ஜெபித்தார். வழியில் காற்றும் புயலும் அடங்கியிருக்க வேண்டும் என்று மன்றாடினார். காலையிலேயே விட்டிருந்தால் ஆண்டவருக்கு இந்த வேலையே வைத்திருக்க மாட்டோமே என்று நினைத்துக்கொண்டு, நான் ஆமென் மட்டும் சத்தமாகச் சொன்னேன்.

வெளியே வந்து பார்த்தால் வண்டியின் கூரைமேல் வாழைத்தார்களும் ஒரு அரிசி மூட்டையும் கட்டியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் இறக்கச் சொன்னேன். சம்பந்தியம்மாவின் முகம் சுண்டிப்போனது.

"நாங்க ஆசையா குடுக்கத இறக்குதியளா?"

"இறக்கல மைனி, எடத்த மாத்துதேன். தலைல பாரம் இருந்தா காத்து வண்டியச் சாச்சுரும்."

தார்களும் மூட்டையும் கட்டிலுக்கு அடியில் போயின. தரைக்குக் கீழே உள்ள தண்ணீர்த் தொட்டியையும் நிரப்பிக்கொண்டேன். பாரம் தாழ்வாக இருக்க இருக்க வண்டி நிலையாக நிற்கும்.

ஆத்தூர் வரை மரங்கள் காப்பாற்றின. முக்காணிப் பாலத்தில் ஏறியதும் முதல் அறை விழுந்தது. நாங்கள் போவது வடக்கே, காற்று வருவது மேற்கே இருந்து. அதாவது இடப்பக்கம் அடித்து, எதிரே வரும் லாரிகளின் பக்கமாக நம்மைத் தள்ளும். பதறிப்போய் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்புகிறவர்கள்தான் பள்ளத்தில் இறங்குகிறார்கள். இரண்டு கையாலும் பிடித்து, வேகத்தைக் குறைத்து, கொஞ்சமாக இடப்பக்கம் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். நான் அப்படித்தான் போனேன். பின்னால் ஒரு முனகல் கேட்டது.

"என்னளா?"

"ஒண்ணுமில்லம்மா. கட்டில்ல இருந்து உருண்டுருவேன் போல இருக்கு."

வண்டியைப் பற்றி எனக்குப் பயமில்லை. அது கவிழ்க்கிற காற்றல்ல, உலுக்குகிற காற்று. ஆனால் படுத்திருப்பவளுக்கு பெல்ட் ஏது? பழையகாயல் தாண்டினால் இரண்டு பக்கமும் உப்பளம், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அங்கே ஒரு உலுக்கில் இவள் கீழே விழுந்தால்?

பழையகாயலில் ஒரு டீக்கடையை ஒட்டி, வண்டியின் மூக்கைக் காற்றுப் பக்கம் வைத்து நிறுத்தினேன். காற்று தணிகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். கடைக்காரர் பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு, "சாயங்காலம் வரைக்கும் இப்படித்தான்" என்றார். மாப்பிள்ளை இறங்கி வந்தார். அவர் வாய் திறக்குமுன் நானே சொன்னேன்.

"மாப்ளே, அவள உங்க கார்ல ஏத்திக்கோங்க. பெல்ட்டப் போட்டு, வெரசாக் கூட்டிட்டுப் போயிருங்க. எனக்காக நிக்காண்டாம்."

சொல்வதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவள் படுத்து வரட்டும் என்றுதானே இத்தனை ஏற்பாடும் செய்தேன். ஆனால் காற்றோடு ரோஷம் பாராட்டுகிறவள் நல்ல டிரைவர் இல்லை. மகள் காரில் ஏறி, இடுப்புக்குப் பின்னால் தலையணையைச் செருகிக்கொண்டாள். உட்கார்ந்து வருவதென்றால் அவளால் அரை மணி தாங்க முடியும். அதற்குள் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டு சேர்த்துவிடுவார்.

கார் எப்படியும் என்னை முந்திவிடும் என்று நான் முன்னால் கிளம்பினேன். சைக்கிளில் போகிறவரை முந்தலாம், அவ்வளவுதான் வேகம். மலைபோலக் குவித்த உப்பு அம்பாரம் ஒன்று இடப்பக்கம் வரும்போது காற்று சட்டென்று நிற்கும்; உடனே கையைத் தளர்த்த வேண்டும். அம்பாரம் முடிகிற இடத்தில் மறுபடி அறையும்; அதற்கு முன்பே பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு இதெல்லாம் அத்துப்படி. என் கவலை பின்னால் வரும் லாரிகள். மெதுவாகப் போனால் முட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு ஹாரன் அடிப்பார்கள். உரசிக்கொண்டு முந்தும்போது அந்த இழுப்பில் நம் வண்டி தள்ளாடும்.

கண்ணாடியைப் பார்த்தால் மாப்பிள்ளையின் கார். நாலு விளக்கும் மினுக்கிக்கொண்டு, என் வேகத்திலேயே ஊர்ந்து வருகிறது. கையை வெளியே நீட்டி, முந்திப் போங்க என்று காட்டினேன். போகவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. பிள்ளைத்தாய்ச்சியை உட்கார வைத்துக்கொண்டு இந்த மனிதர் ஊர்வலம் வருகிறாரே! காருக்குப் பின்னால் லாரிகள் வரிசையாகக் கத்தின. லாரிகள் துறைமுகச் சாலையில் திரும்புகிற இடம் வரை அப்படியே வந்தார். வீடு சேரட்டும், மாப்பிள்ளை என்றும் பார்க்கப் போவதில்லை என்று கறுவிக்கொண்டே ஓட்டினேன்.

வாசலில் இறங்கியதும் நேரே அவரிடம் போனேன். "வெரசாப் போங்கன்னு சொன்னேம்லா? அவ இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

அவர் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்காமலே சொன்னார்: "நான் முந்தத்தான் போனேன் அத்த. உங்க மவ கையப் புடிச்சு இழுத்துட்டா. 'எங்கம்மாவுக்குப் பின்னால ஒரு லாரிய விடக் கூடாது, வலிச்சா நான் பொறுத்துக்கிடுதேன்'னு சொல்லிட்டா."

அந்தப் பக்கம் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, மெல்ல மெல்ல எழுந்துகொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. நான் இவளைப் பத்திரமாகக் கூட்டி வருகிறேன் என்று வழியெல்லாம் பெருமையாக நினைத்துக்கொண்டு வந்தேன். ஓடிப்போய் அவள் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.