ஃபெஸ் நகரத்துக் கடற்காற்று

கனடாவில், மொன்றியலில் நான் நிலம் துடைத்த கடைகளில் ஒன்று மொரோக்கோச் சாமான் விற்கிற கடை. பித்தளைத் தட்டுகள், கூர்மூக்குத் தோல் செருப்புகள், கண்ணாடி விளக்குகள், கரி அடுப்புகள். பின்பக்கத்தில் ஒரு மேசையும் காஸ் சுடர்க்குழாயும் நாலைந்து குறடுகளும் இருந்தன. அங்கே முதலாளி நகை திருத்துவான். ஆனால் அவனுடைய உண்மையான வியாபாரம் வாயால் நடந்தது. ஃபெஸ் என்கிற பழைய நகரத்தில் தன் பாட்டனும் முப்பாட்டனும் பொன்வேலை செய்தார்கள் என்று தொடங்குவான். கடைக்கு வரும் வெள்ளைக்காரப் பெண்கள் கையுறையைக் கழற்றாமலே நின்று கேட்பார்கள்.

"மாலையில் கடற்காற்று வீசும். தோல் பதனிடும் வாசம் வீடு முழுக்க வரும். அதுதான் என் குழந்தைப் பருவம்" என்பான்.

ஃபெஸ் நகரத்தில் கடல் இல்லை. நான் அங்கே ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தவன். கடல் வேண்டுமானால் பஸ் பிடித்து அரை நாள் போகவேண்டும். அவன் பிறந்தது கசபிளாங்காவில் என்பதைப் பிறகு அவன் மனைவி தொலைபேசியில் கத்தியபோது தெரிந்துகொண்டேன். நிலம் துடைக்கிறவனிடம் யாரும் ஊர் கேட்பதில்லை.

என்னையும் இன்னும் நாலு பேரையும் கனடாவுக்கு என்று கூட்டிவந்த ஏஜென்சிக்காரன், ஃபெஸ்ஸில் ஒரு மேல்மாடி அறையில் போட்டுவிட்டு, அடுத்த கிழமை வருகிறேன் என்று போய்விட்டான். வெளியே தலை காட்டவேண்டாம் என்றும் சொல்லியிருந்தான். மற்ற நாலு பேரும் சொன்னபடி கேட்டு, காட்ஸ் விளையாடி, ஒருவரோடு ஒருவர் சண்டை பிடித்து, பருத்துப்போனார்கள். எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான். இரண்டாம் நாளே இறங்கிவிட்டேன்.

நீல ஓடு பதித்த பெரிய வாசலால் உள்ளே போனால் சந்துகள். சந்துக்குள் சந்து. எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டவேண்டும். கோவேறு கழுதை வந்தால் எல்லோரும் ஒட்டவேண்டும். கழுதைக்காரன் பின்னாலிருந்து "பாலாக், பாலாக்" என்று கத்துவான். விலகு என்று அர்த்தம். அந்த ஊரில் நான் படித்த முதல் சொல் அது. பிறகு மூன்று நாடுகளில் வேறு வேறு மொழிகளில் எனக்கு அதையேதான் சொன்னார்கள்.

பித்தளை அடிக்கிற சதுக்கம் ஒன்று உண்டு. விடிந்ததிலிருந்து அண்டாவும் தட்டும் அடிபடும். ஒரு ஐரோப்பியன் அங்கே கண்ணை மூடி, தலையை ஆட்டிக்கொண்டு, கச்சேரி கேட்பவன்போல நின்றான். அடிக்கிறவன் காதுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு அடித்தான். வழிகாட்டிகளோ எந்தக் கதவைக் காட்டினாலும் ஆயிரம் வருடப் பழையது என்பார்கள். அதில் ஒரு கதவுக்கு முதல்நாள்தான் வர்ணம் பூசினார்கள். வர்ண வாளி அப்போதும் பக்கத்தில் இருந்தது. அந்தக் கதவோடு சாய்ந்து படம் எடுத்த பெண்ணின் முதுகில் நீலம் ஒட்டியது. அவளுக்கு அதுவும் சந்தோசம்.

தோல் பதனிடும் இடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. தேன்கூடுபோலக் கல்தொட்டிகள். ஒன்றில் சுண்ணாம்பு, இன்னொன்றில் புறா எச்சம், மற்றவற்றில் மஞ்சள், சிவப்பு, கபிலம். தொடைவரை இறங்கித் தோலை மிதிப்பவர்களுக்கு ஈரத்தோலைச் சுமந்து கொடுப்பது என் வேலை. சாப்பாடு தந்தார்கள். மேலே சுற்றிவர மொட்டைமாடிகளில் வெளிநாட்டார் புதினாக் கொத்தை மூக்கில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள். பழமை என்றால் இதுதான்: கீழே ஒருவன் எச்சத்துக்குள் நிற்கவேண்டும், மேலே ஒருவன் புதினாவோடு நிற்கவேண்டும். எங்களுக்குப் புதினா தேநீருக்குள் மட்டும் வந்தது.

அங்கிருந்து திரும்பும் வழியில், மரப் பலகணி வைத்த வீடுகள் நிரம்பிய பொன்வேலைத் தெரு. அதில் ஒரு யன்னலுக்குள் ஒருவன் கரியை ஒரு மெல்லிய குழலால் ஊதிப் பொன் உருக்குவான். கன்னம் இரண்டும் தவளைபோலப் புடைக்கும். அவனைப் பார்க்க நான் நின்றதில்லை. கையில் இருந்த நாற்றத்துக்கு என்னை யாரும் நிற்கவிடவும் இல்லை. கடந்துபோகும்போது கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

ஏஜென்சிக்காரன் கடைசியில் வந்தான். மொன்றியலில் வில்லரே பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஆறு பேரோடு ஏழாவதாகச் சேர்ந்தேன். ஃபெஸ்ஸைப் பற்றி அங்கே ஒரு தரம் வாய் தவறிச் சொன்னதோடு எனக்கு "மொரோக்கோ" என்று பெயர் விழுந்தது.

அந்த வீட்டில் மூத்தவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. நாங்கள் எல்லோரும் அவரை அண்ணை என்போம். ஒரு கிரேக்கச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவி, பிறகு அடுப்படிக்கு உயர்ந்தவர். அவருக்கு ஊரில் பேசிய இரண்டு கலியாணங்கள் முறிந்திருந்தன. ஒன்று சாதகத்தால், மற்றது சண்டையால். மூன்றாவதாக, நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் தமையனோடு வந்து தங்கியிருந்த ஒரு பெண்ணைப் பேசியிருந்தார்கள். இதுவும் முறிந்தால் இனி யாரும் தனக்குப் பேசமாட்டார்கள் என்பது அண்ணைக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும்.

பெண்ணின் தமையன் ஊரில் கோயில் நடத்தியவர். இங்கே கந்தோர்களில் மேசை மேசையாகக் குப்பைக்கூடை வெறுமையாக்கினார். கூடையைத் தூக்கும்போதும் கோயில் நடத்துகிற முகம்தான். ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் தேவாலயம் ஒன்றின் நிலக்கீழ் மண்டபத்தில் தாலி கட்டுவதற்கு அவர் சம்மதித்தார். ஆனால் பொன்னுருக்கை மட்டும் விடமாட்டேன் என்றார். தாலிப் பொன்னை நல்ல நேரத்தில் மாப்பிள்ளை பார்த்திருக்க உருக்கவேண்டும். அதற்குப் பிறகு தாலி ஏறும்வரை மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவர் முகத்தில் மற்றவர் முழிக்கக்கூடாது. எங்கள் பகுதி வழக்கம் அது. உருக்குவதற்குத்தான் மொன்றியலில் பொன்வேலை தெரிந்த ஒரு பத்தர் இல்லை.

"தம்பி, நீர் மொரோக்கோவில இருந்தனீராம். பொன்வேலைக்காரர் ஆரையும் தெரியுமோ?" என்று தமையன் என்னிடம் வந்தார்.

"ஓம், ஒருத்தனைத் தெரியும். ஆனா பெரிய பொய்யன்."

"பத்தர் எண்டால் கொஞ்சம் பொய் சொல்லுவினம்தான். வேலை தெரியுமோ?"

"வேலை தெரியும்."

"அப்ப காணும். சிரட்டைக்கரி மட்டும் நீர் சுட்டுத் தாரும்."

ஜமேக்காக்காரன் கடையில் தேங்காய் வாங்கி உடைத்து, பின் பல்கனியில் சிரட்டையைச் சுட்டேன். கட்டடச் சொந்தக்காரன் வந்து மூன்று மொழிகளில் ஏசினான்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், பஞ்சாங்கத்தில் பார்த்த நேரத்துக்கு எல்லோரும் கடைக்குப் போனோம். அண்ணை இரவல் கோட்டும் வேட்டியும், வேட்டிக்குள்ளே குளிருக்கு நீளக் காற்சட்டையும். தமையன் வேலை முடிந்த தங்கையைத் தையல் தொழிற்சாலை வாசலில் ஏற்றிக்கொண்டு காரில் நேரே வந்திருந்தார். வீட்டில் இறக்கிவர நேரம் இல்லை. அவளைக் காருக்குள் இருத்தி, ஹீற்றரைப் போட்டுவிட்டு, இறங்கக்கூடாது என்று சொல்லி உள்ளே வந்தார்.

கடையில் இரண்டு பெண்கள் விளக்குப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேட்டியைக் கண்டதும் அவர்கள் விளக்கை விட்டுவிட்டார்கள். முதலாளிக்கு அதுவே போதும். சுவரில் கொழுவியிருந்த நீளமான பித்தளைத் தண்டைக் காட்டி, இந்தக் குழலால்தான் என் பாட்டன் ஃபெஸ்ஸில் அரச குடும்பத்துக்குப் பொன் ஊதி உருக்கினார் என்று ஆங்கிலத்தில் தொடங்கினான். தமையனுக்கு ஆங்கிலம் விளங்கும். கண் மின்னியது.

"அப்ப அதாலயே ஊதச் சொல்லும், தம்பி. கரி இருக்கு, குழலும் இருக்கு. வேறென்ன வேணும்?"

"அது குழல் இல்லை. விளக்குத் தொங்கவிடுற தண்டு. நான்தான் பெட்டியில இருந்து எடுத்துக் கொழுவினனான். கீழ ஒரு டசின் கிடக்கு."

"உமக்கு எல்லாத்திலயும் நக்கல். மனுசன் பாட்டன்ர எண்டு சொல்லுறான்."

பாட்டன் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் ஆட்களுக்கு மூளை எழுந்து நின்று கும்பிடும். அந்தத் தண்டாலேயே ஊதச் சொல்கிறார்கள் என்று முதலாளிக்குச் சொன்னேன்.

முதலாளி என்னைப் பார்த்தான், பெண்களைப் பார்த்தான். பெண்களுக்கு முன்னால் பின்வாங்க அவனால் முடியவில்லை. விற்பனைக்கு வைத்திருந்த கரி அடுப்பில் என் சிரட்டைக்கரியைப் போட்டு மூட்டினான். அண்ணை தன் பவுணை மண்கிண்ணத்தில் வைத்தார். முதலாளி தண்டை வாயில் வைத்து ஊதினான். கன்னம் புடைத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. முகம் மாதுளைபோலச் சிவந்தது. கரி அசையவில்லை. துளையில்லாத தண்டுக்குள்ளால் காற்று எங்கே போகும்? பெண்களில் ஒருத்தி "மொன் தியூ" என்று கடவுளைக் கூப்பிட்டு நெஞ்சில் கை வைத்தாள்.

அவன் தண்டை மெல்ல இறக்கி, துணியால் துடைத்து, மீண்டும் சுவரில் கொழுவினான். "இந்த நாட்டுக் குளிருக்கு இது மூச்சு விடாது" என்று பெண்களுக்கு விளக்கம் சொன்னான். பெண்கள் தலையாட்டினார்கள். பிறகு காஸ் சுடர்க்குழாயை எடுத்தான்.

தமையன் கிண்ணத்தின் மேல் கையை விரித்து மறைத்தார். "இதென்ன சைக்கிள் கடையோ? காஸில ஒட்டு வைக்கிற நெருப்பிலயோ என்ர தங்கச்சிக்குத் தாலி?"

"நேரம் போகுது" என்றார் அண்ணை, மிகவும் மெல்ல.

"நெருப்பில்லாமல் நேரம் இருந்தென்ன, விட்டென்ன? முதலே சகுனம் இப்பிடி. எனக்கு இது சரிவராது, மாப்பிளை. நாங்கள் பேந்து கதைப்பம்."

பிறகு கதைப்போம் என்றால் கதைக்கப் போவதில்லை என்று அர்த்தம். இரண்டு கலியாணம் முறிந்த மனிதருக்கு அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. தமையன் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

அண்ணை கிண்ணத்துக்குள் பவுண் கிடக்கிறதா என்று குனிந்து பார்த்தார். வேட்டிக் கரையால் உள்ளே போட்ட காற்சட்டை தெரிந்தது. "தம்பி, ஒருக்காப் போய்ப் பாரும்."

"நீங்களே போங்கோவன். இன்னும் உருக்கேல்லைத்தானே, பார்த்தால் குற்றமில்லை."

"வேண்டாம். அவ காருக்குள்ள இருக்கிறா. இனி ஒண்டும் பிழையாப் போகக் கூடாது."

நான் போனேன். தமையன் காருக்குள் ஏறி, கதவைச் சாத்த மறந்து, நடந்ததைத் தங்கைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் பின் இருக்கையில். கோட்டுக் கை முழுக்க நூல் துணுக்குகள். அவளை நான் கிட்டப் பார்ப்பது அதுதான் முதல் தரம்.

"காஸ் நெருப்பாம்!" என்று முடித்தார் தமையன்.

"எங்கட வீட்டு அடுப்பில என்ன நெருப்பு, அண்ணா?" என்று கேட்டாள் அவள்.

"என்ன?"

"நெருப்பே இல்லை. கரண்டுக் கம்பி. அதில பொங்கின பொங்கலைத் தைப்பொங்கலுக்குச் சூரியனுக்குப் படைச்சனீங்கள். சூரியன் ஏதும் சொன்னவரோ?"

தமையன் ஸ்ரியரிங்கைப் பார்த்தார்.

"நான் காலமை தொடக்கம் மெசினில இருந்து வாறன். பசிக்குது. அந்த மனுசனை ரெண்டு தரம் ஏமாத்தியாச்சாம். நீங்கள் மூண்டாவதோ? போய் உருக்கிப்போட்டு வாங்கோ."

அவர் இறங்கினார். என்னைக் கடந்து போகும்போது, "நீர் இதை ஆருக்கும் கதைக்கக் கூடாது" என்றார்.

காஸ் சுடரில் பொன் உருக ஒரு பீடி பிடிக்கிற நேரமும் எடுக்கவில்லை. முதலாளி உருண்ட பொன்னை ஆறவிட்டு ஒரு பித்தளைத் தட்டில் வைத்தான். தட்டின் விலைச்சீட்டைப் பிய்க்க யாருக்கும் தோன்றவில்லை. தமையன் விலைச்சீட்டோடு தட்டைக் கண்ணில் ஒற்றினார். அண்ணையும் ஒற்றினார். இரண்டு பெண்களும் கை தட்டினார்கள். வரைந்து கொடுத்த படத்தைப் பார்த்து முதலாளி தாலியைச் செய்து தந்தான், அதை ஒழுங்காகத்தான் செய்தான். ஆனால் அடுத்த மாதம் நான் விளக்குத் துடைக்கும்போது, கிழக்கு நாட்டு இளவரசன் ஒருவனுக்குப் பாட்டனின் குழலால் பொன் உருக்கிய கதை கடையில் ஓடிக்கொண்டிருந்தது. இளவரசனும் கடற்காற்றைப் புகழ்ந்தானாம்.

அந்த வெள்ளிக்கிழமை, பொன் உருகியாயிற்று. இனி அண்ணை முன்வாசலால் போகமுடியாது. முன்னால் கார் நிற்கிறது, காருக்குள் அவள். பெட்டி அடுக்கிய அறைக்குள்ளால் கூட்டிப்போய், பின் சந்தில் விட்டேன். பனி முழங்காலுக்கு வந்தது. அவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"என்ன சொன்னவ? கோவமோ?"

"பசிக்குதாம்."

அவர் கோட்டுப் பைக்குள் கை விட்டு ஈயத்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். தன் கடையில் சுடுகிற கிரேக்கப் பணியாரம், கீரையும் சீஸும் வைத்தது. தனக்கென்று கொண்டுவந்திருக்க வேண்டும்.

"குடுத்துவிடும். வெள்ளிக்கிழமை, மச்சம் மாமிசம் ஒண்டும் இல்லை எண்டும் சொல்லும்."

கட்டடத்தைச் சுற்றி நடந்து காருக்குப் போனேன். யன்னலை இறக்கி அவள் வாங்கினாள். யார் தந்தது என்று கேட்கவில்லை.

"என்ன அது?" என்றார் தமையன்.

"மச்சம் இல்லையாம்."

அவள் அதைப் பிய்த்து அரைவாசியை முன் இருக்கைக்கு நீட்டினாள். அவர் அதை முகர்ந்து பார்த்தார். பிறகு வாங்கித் தின்றார்.

அந்தக் கிரேக்கன் கடையில் எல்லாம் காஸ் அடுப்பு. அதை நான் தமையனுக்குச் சொல்லவில்லை.