பச்சை மாத்திரை கேட்டவன்

போர்ட்-ஓ-பிரின்ஸ் சந்தையில் ரோஸ்மெனிக்குக் கடை என்று எதுவும் கிடையாது. ஒரு பிளாஸ்டிக் வாளி. அதில் மாத்திரை அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி, கோபுரம் மாதிரி நிறுத்தியிருப்பாள். உச்சியில் கத்தரிக்கோல். கேட்டதை வெட்டிக் கொடுப்பாள். பத்தொன்பது வருடமாக அதைத் தலையில் சுமந்துதான் மூன்று மகள்களை ஆளாக்கினாள்.

வாங்குகிறவர்கள் மருந்தின் பெயரைச் சொல்வதில்லை, நிறத்தைத்தான் சொல்வார்கள். சிவப்பும் கறுப்பும் என்றால் அமாக்ஸிசிலின். பச்சை என்றால் செஃபலெக்சின்: சீழ்க்கட்டிக்கு, வெட்டுக்காயத்துக்கு, நீர்க்கடுப்புக்கு. ஒரு வாரம் விழுங்க வேண்டியதில் இரண்டே இரண்டு வாங்கிப் போகிற ஜென்மங்களிடம் கத்திக் கத்தியே அவளுக்குக் குரல் கட்டிப்போயிருந்தது.

அன்று காலை வில்னேர் வந்தான். மேட்டுத் தெருவைப் பிடித்து வைத்திருக்கும் கும்பலின் தலைவன். கூடவே துப்பாக்கியோடு ஒருவன். வில்னேரின் முழங்கையில் கத்தி வெட்டு பழுத்து நாறியது.

"யக்கா, பச்சை எடு. இருபது."

அவள் வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். போன வருடம் இவனுக்குச் சிவப்பும் கறுப்பும் விற்றவள் அவள்தான். ஒரே மாத்திரையில் தொண்டை அடைத்து, ஊசி போட்டுத்தான் பிழைத்தான்.

"உனக்கு இது ஆகாதுப்பா. அதுக்கும் இதுக்கும் ரத்த சொந்தம். எல்லாரையும் ஒண்ணும் பண்ணாது. ஆனா அதுல தொண்டை அடைச்சவன் இதைத் தொடக் கூடாது. உனக்கு வேற மருந்து வேணும், என் வாளியில அது இல்ல."

"அது சிவப்பு, இது பச்சை. கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?"

"நெறத்தை விடுப்பா, உள்ள இருக்கறது..."

கூட வந்தவனின் துப்பாக்கிக் கட்டை அவள் வாயில் இறங்கியது. இரண்டு பற்கள் மண்ணில் விழுந்தன. அப்போதும் வாளியை இரு கையாலும் கட்டிக்கொண்டாள். பைத்தியக்காரி, கொடுத்துத் தொலைத்திருக்கலாம். வில்னேர் அவள் விலாவில் உதைத்தான். எலும்பு முறிந்த சத்தம் பக்கத்து மீன்காரிக்கே கேட்டது. வாளி கவிழ்ந்தது. அவன் பச்சை அட்டையைப் பிய்த்து இரண்டை வாயில் போட்டு, மீன்காரியின் தண்ணீரைப் பிடுங்கிக் குடித்தான்.

"பாத்தியா? குத்துக்கல்லாட்டம் நிக்கறேன்ல, கிழவி!"

கால் மணி நேரம் நின்றான். அப்புறம் உதடு வீங்கியது. கண் இடுங்கியது. தன் கழுத்தைத் தானே பிறாண்டிக்கொண்டு விழுந்தான்.

கூட வந்தவன் துப்பாக்கியை அவள் நெற்றியில் வைத்து அழுத்தினான். "விஷமா வெச்ச? அந்த ஊசி எங்கடி இருக்கு? சொல்லு!"

ரோஸ்மெனி ரத்தத்தைத் துப்பினாள். "கீழத் தெரு ஆஸ்பத்திரியில இருந்துச்சு. போன ஞாயித்துக்கெழமை நீங்கதானேடா கொளுத்துனீங்க."

அவன் சுடவில்லை. வில்னேரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல், சந்தையையே இரண்டு முறை சுற்றி ஓடினான். இரண்டாவது சுற்றில் அவன் சுமந்தது பிணத்தை.