யன்னல் வைத்த கூடை

வவுனியாக் கடையில் மகள் புதுப் பூனைக்குட்டிக்கு மணியும் இறகு கட்டிய குச்சியும் தெரிந்தெடுத்துவிட்டாள். குட்டியைக் கொண்டுபோகக் கடைக்காரர் இரண்டு கூடைகளைக் காட்டினார். ஒன்று முழுக்க மூடியது, மற்றதில் யன்னல் இருந்தது. மூடியதைத் திறந்ததும் உள்ளிருந்து வந்த பிளாஸ்டிக் மணம் எனக்கு யூரியாப் பையை நினைவூட்டியது.

போரில் தர்மபுரத்தை விட்டு இடம்பெயர்ந்த அன்று, அம்மா எங்கள் பூனையை அப்படியொரு பைக்குள் விட்டு வாயைக் கட்டினார்.

"பாதையைக் கண்டால் திரும்பி ஓடி வந்திடும்."

அப்பா பையைச் சைக்கிளில் தொங்கவிட்டு உருட்டினார். பூனைக்குத் திசை மறக்கட்டுமென்று சந்திக்குச் சந்தி சைக்கிளை ஒரு வட்டம் சுற்றினார். மூட்டைகளோடு பின்னால் வந்த சனம் ஏசியது.

"கொஞ்சம் பொறுங்கோ, பூனை இருக்கு," என்று சொல்லிச் சொல்லிச் சுற்றினார்.

போய்ச் சேர்ந்த கொட்டிலில் பூனை ஒரு கிழமைகூட நிற்கவில்லை. அம்மா தேடவுமில்லை.

"அது வீட்டை போயிட்டுது," என்றார். அந்தக் குரலில் இருந்தது பொறாமை என்று இப்போதுதான் விளங்குகிறது.

"எதை எடுக்கிறது?" என்றாள் மகள்.

"யன்னல் வைச்சதை எடு பிள்ளை. வழியைப் பாத்துக்கொண்டு வரட்டும்."